ஐம்பதுகளின் அமெரிக்க வீடு: மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மொட்டை மாடியில் திரை கட்டி, பழைய அமெரிக்கப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் போடுகிறோம். பெரும்பாலும் 1950-களில் வந்தவை. படம் ஓடும்போதே கேள்வி வரும். பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காட்சி போய்விடும், பின்வரிசையில் இருந்து "உஷ்" என்று சத்தம் வரும். ஒரே சந்தேகத்தைப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டதால் ஒருவழியாக உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"போருக்கு அப்புறம், போருக்கு அப்புறம்னு சொல்றீங்களே, எந்தப் போர்? எந்த வருஷம் வரைக்கும்?"

இரண்டாம் உலகப் போர். 1945-ல் ஜப்பான் சரணடைந்ததிலிருந்து கணக்கு. எந்த வருஷத்தோடு முடிகிறது என்பதில் ஆளுக்கொரு பதில் உண்டு. 1963-ல் கென்னடி சுடப்பட்டதோடு முடிந்தது என்பார்கள், 1973 எண்ணெய் நெருக்கடி வரை இழுப்பவர்களும் உண்டு. நாம் மாடியில் பார்ப்பது கிட்டத்தட்ட 1947 முதல் 1963 வரை.

போர் முடிந்தபோது ஐரோப்பாவும் ஜப்பானும் இடிந்து கிடந்தன. அமெரிக்கத் தொழிற்சாலைகளோ முழுசாக நின்றன. 1942 தொடக்கத்திலிருந்து அங்கே பொதுமக்களுக்குப் புதுக் காரே செய்யவில்லை, எல்லாம் டாங்கி, விமானம்தான். மூன்றரை வருஷம் சம்பளம் வந்தது, வாங்கப் பொருள் இல்லை. அந்தச் சேமிப்பெல்லாம் ஒரே சமயத்தில் கடைத்தெருவுக்கு வந்தது. திரையில் தெரியும் பளபளப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

"எல்லா வீடும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே, செட்டா?"

பாதி செட், பாதி உண்மை. நிஜத்திலேயே அச்சில் வார்த்த மாதிரிதான் கட்டினார்கள். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947-ல் லெவிட் குடும்பத்தார் ஒரு ஊரையே எழுப்பத் தொடங்கினார்கள். பெயர் லெவிட்டவுன். 1951-க்குள் 17,000-க்கும் மேல் வீடுகள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் ஒரே இடத்தில் நிற்பார். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு குழு. வெள்ளைப் பெயின்ட் அடிப்பவர் வெள்ளை மட்டும் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார், சிவப்புக்காரர் பின்னால் வருவார். வேகம் பிடித்த நாட்களில் ஒரு நாளைக்கு 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன.

முதல் வீடுகள் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, மேலே பிற்பாடு அறையாகக் கட்டிக்கொள்ள ஒரு பரண். நம்ம ஊர் சின்ன ஃபிளாட் அளவுதான், ஆனால் 60-க்கு 100 அடி மனையில் நடுவே நின்றது. விதிகளும் உண்டு: புல்லை வாரம் ஒருமுறை வெட்டவேண்டும், வேலி போடக்கூடாது, சனி ஞாயிறில் வெளியே துணி காயப்போடக்கூடாது. நம் சங்கக் கூட்டத்தில் இந்தக் கடைசி விதியைப் படித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம்.

"ஒருத்தர் சம்பளத்துல வீடு, கார், மூணு பிள்ளைங்க. எப்படி சார் முடியும்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதுவும் வீட்டுக் கடன் கட்டுபவர்கள் கேட்பது. 1949-ல் லெவிட்டவுனில் புது மாதிரி வீட்டின் விலை 7,990 டாலர். 1950-ல் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 3,300 டாலர். இரண்டரை வருஷ வருமானத்தில் வீடு. நம் தெருவில் இன்று அந்தக் கணக்கைப் போடாதீர்கள், வயிறு எரியும்.

ஆனால் விலை குறைவு என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி அரசாங்கம். 1944 ஜூன் மாதம் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்லூரிக் கட்டணமும் வேலை கிடைக்கும்வரை உதவித்தொகையும் கொடுத்தது. அதோடு அவர்களுடைய வீட்டுக் கடனுக்கு அரசே ஜாமீன் நின்றது. ஜாமீன் இருப்பதால் வங்கி தயங்கவில்லை. லெவிட்டவுனில் முன்னாள் படைவீரர் முன்பணம் இல்லாமலே, மாதம் 58 டாலர் தவணையில் வீட்டுக்குள் போனார். கதாநாயகன் புல்வெளியில் நின்று கையசைக்கும் காட்சியில் திரைக்கு வெளியே ஒரு ஜாமீன் பத்திரம் இருக்கிறது. எல்லோருக்கும் அது கிடைத்ததா என்பது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

"அவங்க வீட்டுக்கெல்லாம் டிவி எப்ப வந்தது?"

வெள்ளம் வந்த மாதிரி வந்தது. 1950-ல் நூற்றுக்கு 9 வீடுகளில் இருந்தது. 1960-ல் நூற்றுக்கு 87. நடுவில் 1948 முதல் 1952 வரை புது நிலையங்களுக்கு அனுமதியை அரசு நிறுத்தி வைத்திருந்தது, அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதியதால். அந்தத் தடை நீங்கியதும் சின்ன ஊர்களுக்கும் பரவியது. 1950-ல் லெவிட்டவுன் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் சுவரோடு பதித்த டிவியையும் சேர்த்தே கொடுத்தார்கள்!

ஒப்பிட்டுப் பார்க்க: சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15.

"கலர் டிவி 1954-லயே வந்தாச்சாமே, அப்புறம் ஏன் எல்லாம் கறுப்பு வெள்ளை?"

வந்தது, வாங்க ஆளில்லை. வண்ண ஒளிபரப்புக்கான முறையை 1953 டிசம்பரில் அரசு ஏற்றுக்கொண்டது. மறு வருஷம் ஆர்சிஏ நிறுவனம் விற்பனைக்கு விட்ட வண்ணப் பெட்டியின் விலை 1,000 டாலர், திரை 15 அங்குலம். மேலே சொன்ன வீட்டு விலையில் எட்டில் ஒரு பங்கு. வாங்கினாலும் பார்க்க நிகழ்ச்சி இல்லை. பார்ப்பவர் இல்லாததால் தயாரிப்பாளரும் வண்ணத்தில் எடுக்கவில்லை. மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் மாலை நிகழ்ச்சிகளை முழுக்க வண்ணத்துக்கு மாற்ற 1966 ஆனது.

"புருஷன் பொண்டாட்டிக்கு ஏன் தனித்தனி கட்டில்? சண்டையா?"

இதைக் கேட்டது மூன்றாம் மாடி மாமி. கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். சண்டை இல்லை, தணிக்கை. சினிமாவுக்கு 1930-களிலிருந்தே கடுமையான ஒழுக்கவிதித் தொகுப்பு இருந்தது. தொலைக்காட்சியும் 1952-ல் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டது. விளம்பரதாரர்கள் அதைவிட பயந்தவர்கள். விதிவிலக்கு உண்டு, 1947-ல் வந்த ஒரு தொடரில் நிஜக் கணவன் மனைவியே நடித்தார்கள், ஒரே கட்டில்தான்.

'ஐ லவ் லூசி' தொடரில் நாயகி லூசில் பால் நிஜமாகவே கர்ப்பமானபோது கதையிலும் கர்ப்பமாக்கினார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை, நாம் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது போல ஒரு சுற்றுச்சொல்தான். 1953 ஜனவரி 19 அன்று தொடரில் குழந்தை பிறந்தது, அதே நாளில் அவருக்கு நிஜக் குழந்தையும் பிறந்தது. சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

"பின்னாடி சிரிக்கறது யாரு?"

சில தொடர்களில் நிஜ ஆட்கள். லூசியை மூன்று கேமரா வைத்து, பார்வையாளர்கள் முன்னால் எடுத்தார்கள். பல தொடர்களில் அது பெட்டிச் சிரிப்பு. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் செய்த இயந்திரம்: டைப்ரைட்டர் மாதிரி விசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சிரிப்பு, ஒலியைக் கூட்டிக் குறைக்கக் காலில் ஒரு பெடல். பெட்டிக்குப் பூட்டு போட்டு, தானே கொண்டுபோய் வாசித்துவிட்டு வருவார்.

"அந்தக் கால ரிமோட்டுக்குப் பேட்டரியே கிடையாதுன்னு தம்பி சொல்றான். கதை விடறானா?"

கதை இல்லை. ஜெனித் நிறுவனம் முதலில் 1950-ல் விட்டது, டிவியோடு நீண்ட கம்பியில் இணைத்த ரிமோட். கூடத்தில் நடப்பவர்கள் காலில் மாட்டியது. 1955-ல் டார்ச் மாதிரி ஒளி பாய்ச்சும் ரிமோட் வந்தது. டிவியின் நான்கு மூலையிலும் ஒளி உணரும் கண்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்தால் சேனல் தானாக மாறும்.

1956-ல் அதே ஜெனித்தின் பொறியாளர் ராபர்ட் ஆட்லர் கொண்டுவந்ததுதான் தம்பி சொல்லும் ரிமோட். உள்ளே நான்கு அலுமினியக் குச்சிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் குச்சியின் முனையில் தட்டும். கோயில் மணி மாதிரிதான், ஆனால் எழும் ஒலி நம் காதுக்கு எட்டாத உச்ச சுருதி. டிவிக்குள் இருக்கும் மைக் அதைக் கேட்டு, எந்தக் குச்சி என்று கண்டுபிடித்து, சேனலை மாற்றும் அல்லது ஒலியை நிறுத்தும். நம் காதுக்குக் கேட்பது 'டிக்' என்ற தட்டல் மட்டும். அமெரிக்காவில் வயதானவர்கள் ரிமோட்டை இன்றும் 'கிளிக்கர்' என்பது அதனால்தான். சாவிக்கொத்து குலுங்கினாலும் சில சமயம் சேனல் மாறியதுண்டு.

பேட்டரி வேண்டாம் என்று அடம்பிடித்தது விற்பனைப் பிரிவு. பேட்டரி தீர்ந்தால் வாடிக்கையாளர் டிவியே பழுது என்று நினைத்துக் கடைக்கு வந்துவிடுவார் என்ற பயம். இதைவிட அழகான ரிமோட் அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் கட்சி.

"அலுமினியத் தட்டுல ஏதோ சாப்பிடறாங்களே, அதை மைக்ரோவேவ்ல வெப்பாங்களா?"

வைத்தால் பொறி பறக்கும். அப்போது வீட்டு மேஜையில் வைக்கும் மைக்ரோவேவே இல்லை, அது 1967-ல் வந்தது. இது ஸ்வான்சன் நிறுவனத்தின் 'டிவி டின்னர்'. வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை அறைகள் பிரித்த தட்டில் உறையவைத்து 98 சென்ட்டுக்கு விற்றார்கள். சாதா அடுப்புப் பெட்டியில் 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிஷம். 1954-ல் சுமார் 1 கோடி தட்டுகள் போயின. ருசி பற்றிக் கேட்காதீர்கள், அட்டைப்பெட்டியே டிவி மாதிரிதான் அச்சிட்டிருந்தது, குமிழ்களோடு.

"பிளாஸ்டிக் டப்பா விக்கறதுக்கு எதுக்குப் பார்ட்டி?"

கடையில் விற்கவில்லை என்பதால். எர்ல் டப்பர் செய்த டப்பாவின் மூடியை அழுத்தி, ஓரத்தைச் சற்றுத் தூக்கி, உள்காற்றை 'புஸ்' என்று வெளியே விட்டு மூடவேண்டும். அலமாரியில் பார்ப்பவருக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி சாப்பாட்டு மேஜையில் செய்து காட்டினால் தெரியும். இதைப் புரிந்துகொண்டவர் பிரௌனி வைஸ் என்ற பெண். 1951-ல் டப்பாக்களைக் கடைகளிலிருந்தே திரும்பப் பெற்று, அவர் பொறுப்பில் வீட்டு விருந்துகளில் மட்டும் விற்கத் தொடங்கினார்கள். 1954-ல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958-ல் டப்பர் அவரை வெளியேற்றினார். கையில் கொடுத்தது ஒரு வருஷச் சம்பளம் அளவு, நிறுவனத்தில் பங்கு ஒன்றுமில்லை.

"அப்ப பொம்பளைங்க வேலைக்கே போகலையா?"

போனார்கள். 1950-ல் வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒருவர் வேலையில் இருந்தார் அல்லது வேலை தேடிக்கொண்டிருந்தார். 1960-ல் அது இன்னும் கூடியது. திரைதான் காட்டவில்லை. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் ஆணி அறைந்த பெண்கள், ஆண்கள் திரும்பியதும் அந்த வேலைகளிலிருந்து இறக்கப்பட்டார்கள். பிறகு கிடைத்தது தட்டச்சு, கடை, செவிலியர், ஆசிரியை. மேலே சொன்ன டப்பா விருந்தில் ஒரு பகுதி இதுதான்: 'வேலைக்குப் போகிறாள்' என்ற பேச்சில்லாமல் கையில் காசு பார்க்கும் வழி.

கணவன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கடன் தர வங்கி மறுத்தால் அதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1974-ல்தான் வந்தது.

"போனை எடுத்தா வேற யாரோ பேசிட்டிருக்காங்க. கிராஸ் டாக்கா?"

கிராஸ் டாக் இல்லை, கூட்டு இணைப்பு. இரண்டு முதல் பத்து வீடுகள்வரை ஒரே கம்பி. உங்கள் வீட்டுக்கு இரண்டு நீண்ட மணி, எதிர் வீட்டுக்கு ஒரு நீளம் ஒரு குட்டை என்று அடையாளம் வைத்திருப்பார்கள். மெதுவாக எடுத்து ஒட்டுக்கேட்பது ஊர் முழுக்க நடந்தது. நம்ம குழாயடி எந்த வேலை செய்ததோ, அந்த வேலையை அங்கே இந்தக் கம்பி செய்தது.

கருவியும் உங்களுடையது இல்லை, தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தம், மாத வாடகை. வேறு நிறுவனத்தின் சாதனத்தை அதில் தாராளமாக இணைக்கும் உரிமை 1968-ல்தான் வந்தது. ஆபரேட்டர் உதவி இல்லாமல் வெளியூருக்கு நேரடியாகச் சுழற்றும் வசதி 1951 நவம்பரில் நியூ ஜெர்சியின் ஒரு சின்ன ஊரில் தொடங்கியது.

"வினாடி வினா நிகழ்ச்சியில மோசடின்னு ஒரு படத்துல வந்ததே, நிஜமா?"

நிஜம். 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே பதில் கொடுத்தார்கள். எப்போது நெற்றியைத் துடைப்பது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்க்கட்டும் என்று குளிர்காற்றை நிறுத்தினார்கள். 1956 டிசம்பரில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற வெற்றியாளர் தோற்கவேண்டிய முறை வந்தது. முந்தைய ஆண்டுக்கான ஆஸ்கர் பெற்ற சிறந்த படம் எது என்று கேட்டார்கள். 'மார்ட்டி' என்று அவருக்குத் தெரியும், அவருக்கு மிகவும் பிடித்த படமே அதுதான். தெரியாதவர் மாதிரி வேறு பெயரைச் சொன்னார்.

அவரை வென்ற கல்லூரி ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் 1,29,000 டாலர் சம்பாதித்து நாடறிந்தவரானார். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பதில் கொடுப்பது அப்போது குற்றமே இல்லை. 1960-ல்தான் சட்டம் போட்டார்கள்.

"இவ்வளவு படம் பார்த்தாச்சு, தெருவுல ஒரு கறுப்பர் குடும்பம்கூட இல்லையே?"

பள்ளியில் படிக்கும் பெண் கேட்டது. பெரியவர்கள் பத்து வாரமாகக் கேட்காதது.

அந்தத் தெருவில் அவர்களை விடவில்லை. லெவிட்டவுனின் ஆரம்ப வாடகைப் பத்திரத்தில், வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. வீட்டு வேலைக்காரர் மட்டும் விதிவிலக்கு. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் அமலாக்காது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், விற்க மறுப்பது தொடர்ந்தது. பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது, நாள்கணக்கில் கூட்டம் கூடி நின்றது, கல் விழுந்தது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-ல் வந்தது.

கடன் பற்றிய பதிலில் ஒரு ஜாமீன் பத்திரத்தைச் சொன்னேன். கறுப்பின வீரர்களும் அதே போரில் சண்டையிட்டவர்கள், சட்டத்தில் நிறம் எழுதியிருக்கவில்லை. ஆனால் கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், அரசு ஜாமீன் நின்ற 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2.

"நம்மாளுங்க யாராவது அப்ப அங்க இருந்தாங்களா?"

விரல்விட்டு எண்ணும் அளவு. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-ல்தான் சட்டம் இடம் கொடுத்தது, வருஷத்துக்கு 100 பேர் குடியேறலாம் என்று. 1965 சட்டத்துக்குப் பிறகே கதவு திறந்தது. அந்தச் சிலரில் ஒருவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1953-ல் குடியுரிமை பெற்றார்.

"அமெரிக்காவுல பழைய சாமான் கடையில ஒரு ரேடியோ வாங்கினேன். டயல்ல ரெண்டு சின்ன முக்கோணம் இருக்கு, 640-லயும் 1240-லயும். எதுக்கு?"

கேட்டது அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், படத்தோடு அனுப்பியிருந்தான். 1949-ல் சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்தது. அதற்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் மேஜைக்கு அடியில் குனிந்து தலையை மூடும் பயிற்சி நடந்தது, ஆமை ஒன்று கற்றுக்கொடுக்கும் அரசுப் படம்கூட உண்டு. அந்த பயத்தின் இன்னொரு துண்டு இந்த முக்கோணம்.

எதிரி விமானம் ஒரு வானொலி நிலையத்தின் அலையைப் பிடித்துக்கொண்டே அந்த நகரத்துக்கு வந்துவிடலாம். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் ஹொனலூலு வானொலியைப் பிடித்துத்தான் திசை பார்த்தன. அதனால் 1951-ல் ஒரு ஏற்பாடு: தாக்குதல் எச்சரிக்கை வந்ததும் எல்லா நிலையங்களும் நின்றுவிடும். குறிப்பிட்ட சில மட்டும் 640 அல்லது 1240-ல், மாறி மாறி, சிறிது நேரமே பேசும். எதிரிக்கு எது எங்கே என்று குழம்பும், மக்களுக்குச் செய்தி கிடைக்கும். இருட்டிலும் பதற்றத்திலும் தேடாமலிருக்க, 1953-லிருந்து விற்கும் ரேடியோக்களில் அந்த இரண்டு இடத்திலும் குறி போடவேண்டும் என்றார்கள். அந்தக் காலப் பையன்கள் தலையணைக்கு அடியில் ராக் இசை கேட்ட சட்டைப்பை டிரான்சிஸ்டர்களிலும் இதே குறியைப் பார்க்கலாம்.

1963-ல் கைவிட்டார்கள். விமானம் போய் ஏவுகணை வந்துவிட்டது, அதற்கு வானொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அண்ணன் மகன் முள்ளை 1240-க்குத் திருப்பிப் பார்த்தானாம். பேஸ்பால் வர்ணனை வந்ததாம்.